நான் வரைந்த புகை

(1972–75 பேட்ச் பொன்விழாச் சந்திப்பில் நிகழ்த்திய உரை. பேசியபடியே, சில இடங்களில் மட்டும் சீர்செய்து தரப்படுகிறது.)



நம் செயலர் போன மாதம் போன் செய்தார். "சார், முப்பது வருஷம் விளம்பரத் துறையில இருந்திருக்கீங்க. அதைப் பத்தி இருபது நிமிஷம் சுவாரசியமா பேசுங்களேன்" என்றார். பழைய சிகரெட் விளம்பரங்களைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "குடும்பத்தோட வர்றாங்க சார். புத்திமதி மாதிரி ஆயிடாதே?" என்றார். ஆகாது. புத்திமதி சொல்வதற்குக் கொஞ்சமாவது யோக்கியதை வேண்டும். நான் சிகரெட் விளம்பரம் வரைந்து சம்பளம் வாங்கியவன். பத்தொன்பது வருஷம் ஊதியும் இருக்கிறேன். 1994இல்தான் விட்டேன்.

இந்தத் தலைப்பு எனக்குத் தோன்றியதற்கு என் பேரன் காரணம். சில மாதங்களுக்கு முன் சென்னையில் ஒரு காப்பிக் கடைக்கு என்னை அழைத்துப் போனான். காப்பி விலையைச் சொன்னால் நம் காலத்து மெஸ் பில் ஞாபகத்துக்கு வரும், அது வேண்டாம். அந்தக் கடைச் சுவரில் பழைய அமெரிக்க சிகரெட் விளம்பரங்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அழகாக மாட்டியிருந்தார்கள். வெள்ளைக் கோட்டு டாக்டர், குதிரைவீரன், உதட்டுச் சாயம் பூசிய சீமாட்டி. "தாத்தா, செம ஸ்டைலா இருக்குல்ல?" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றில் என்னவோவும் செய்தது. அந்தப் படங்களை எனக்கு நாற்பத்தெட்டு வருஷமாகத் தெரியும். அவை எனக்குப் பாடப் புத்தகம்.

அதற்கு முன்னால் நம் விடுதிக்கு ஒருமுறை போய்விட்டு வரவேண்டும்.

கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தூணில் ஒரு கயிறு தொங்கும். அதன் நுனியில் எந்நேரமும் நெருப்பு கனன்றுகொண்டிருக்கும். பாக்கெட்டாக வாங்க யாரிடம் காசு இருந்தது? ஒத்தை சிகரெட்தான், அதிலும் பாதி பங்குக்குப் போய்விடும். கடைக்காரர் அண்ணாச்சி நல்ல மனுஷர். கணக்கு நோட்டில் சிகரெட் என்று எழுத மாட்டார். வாழைப்பழம் என்று எழுதுவார். அப்பா யாராவது வந்து கடனை அடைக்கும்போது சங்கடம் வரக்கூடாது அல்லவா! "என் பையன் இவ்வளவு பழமா சாப்பிடறான்?" என்று ஒரு தகப்பனார் மகிழ்ந்துபோனதை இங்கே பலர் நேரில் பார்த்தவர்கள்.

என் அறை நண்பனை உங்களுக்கெல்லாம் தெரியும். பெயர் சொல்லவில்லை. அவன் மகள் இன்று அவனுக்குப் பதிலாக வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். "அப்பாவைப் பத்திச் சொல்லுங்க மாமா, பரவாயில்லை" என்று அனுமதி கொடுத்த பிறகுதான் பேசுகிறேன்.

நான் தஞ்சாவூர்க்காரன், அவன் திருநெல்வேலிப் பக்கம். பதினோராம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு வந்தவன். கணக்கில் நம் எல்லோரையும் விடக் கெட்டிக்காரன். ஆனால் ஆங்கில வகுப்பில் எழுப்பி ஒரு கேள்வி கேட்டால் போதும், வேர்த்து விறுவிறுத்து நிற்பான், கை நடுங்கும். படிப்பறையில் ஆங்கில வார இதழ்கள் வரும், ஞாபகம் இருக்கிறதா? அவற்றின் பின்னட்டையில் வழவழவென்று சிகரெட் விளம்பரம் இருக்கும். ஒரு நாள் அப்படி ஓர் அட்டையைக் கிழித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினான். (நூலகர் ஐயா இங்கே இருந்தால் மன்னிக்கவும்.) படத்தில் ஒருவன் விமானத்தின் ஏணிப்படியில் நிற்கிறான். கோட்டு ஒரு தோளில். விரலிடுக்கில் சிகரெட். எங்கேயோ பார்க்கிறான், நம்மைப் பார்க்கவில்லை. நம் ஆள் அதுவரை ரயிலிலேயே இரண்டு தடவைதான் ஏறியிருக்கிறான்.

அந்தப் படத்துக்கு எதிரே கையகலக் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு சாக்பீஸை விரலிடுக்கில் வைத்துப் பழகுவான். மணிக்கட்டை எப்படி மடிக்க வேண்டும், கட்டைவிரல் எங்கே இருக்க வேண்டும் என்றெல்லாம் திருத்தியது நான். எனக்கு அப்போதே படம் வரையும் கண் உண்டு! பிறகு ஒரு நாள் உண்மையான சிகரெட்டைப் பற்றவைத்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினான். எப்படிடா இருக்கு என்று கேட்டேன். "நல்லாவே இல்லலே. ஆனா கையில இருக்கும்போது பயம் தெரியல" என்றான்.

விளம்பரத் தொழிலில் முப்பது வருஷம் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம். அது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

1976இல் மவுண்ட் ரோடில் ஒரு விளம்பர நிறுவனத்தில் லே-அவுட் ஆர்ட்டிஸ்டாகச் சேர்ந்தேன். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் மூத்த ஓவியர் ஞாயிற்றுக்கிழமைதோறும் மூர் மார்க்கெட் போவார். 1985இல் எரிந்து போகும்வரை பழைய புத்தகங்களுக்கு அதுதான் சொர்க்கம். பழைய 'லைஃப்', 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழ்களை எடை போட்டதுபோல் அள்ளிக்கொண்டு வருவார். "கட்டுரையைப் படிக்காதே, விளம்பரத்தைப் படி" என்று எங்களிடம் வீசுவார். அதில் நான் கத்தரித்து வைத்தவற்றில் சிலதைத்தான் இதோ இந்த மேசையில் பரப்பியிருக்கிறேன். அப்புறம் வந்து பாருங்கள். தொடும்போது கொஞ்சம் ஜாக்கிரதை, காகிதம் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

சோப்பு விற்கிறவன் அழுக்குப் போகும் என்று சொல்லலாம். சைக்கிள் விற்கிறவன் சங்கிலி கழலாது என்று சொல்லலாம். சிகரெட் விற்கிறவன் என்ன சொல்வான்? காகிதக் குழலுக்குள் இலைத்தூள், அவ்வளவுதான். முதல் தடவை இழுத்தவன் எவனும் ஆகா என்றதில்லை, இருமித்தான் இருக்கிறான். எனவே விளம்பரக்காரன் சரக்கை ஒரு ஓரமாக வைத்துவிட்டு ஆளை வரைந்தான். உனக்கு எது இல்லையோ அது உள்ள ஆளை.

அமெரிக்காவில் 1920களில் ஆண்கள் நிறையப் புகைக்க ஆரம்பித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது பெண்கள். அங்கேயும் அந்தக் காலத்தில் பெண் பொது இடத்தில் புகைத்தால் ஒரு மாதிரியாகத்தான் பேசுவார்கள். 1926இல் செஸ்டர்ஃபீல்டு கம்பெனி ஒரு படம் போட்டது. நிலவொளியில் ஓர் ஆண் புகைக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்த பெண், கொஞ்சம் என் பக்கம் ஊது என்கிறாள். அவள் கையில் சிகரெட் இல்லை, ஜாக்கிரதையாகத்தான் கால் வைத்தார்கள். 1928இல் லக்கி ஸ்ட்ரைக் இன்னும் ஒரு படி போயிற்று. மிட்டாய்க்குப் பதில் லக்கியை எடு, உடம்பு இளைக்கும் என்றது. மிட்டாய்க்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்தச் சண்டையே இலவச விளம்பரமாயிற்று.

அந்தக் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் ஹில், எட்வர்ட் பெர்னேஸ் என்பவரை வேலைக்கு வைத்துக்கொண்டார். இவர் யார் தெரியுமோ? மனோதத்துவ மேதை சிக்மண்ட் பிராய்டின் தங்கை மகன். போதாததற்கு இவருடைய அப்பா, பிராய்டின் மனைவிக்கு அண்ணன். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம்! மாமன் நோயாளியின் மனத்துக்குள் போனார், மருமான் வாடிக்கையாளரின் மனத்துக்குள் போனார்.

1929 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் நல்ல நல்ல உடை உடுத்தி ஜனங்கள் உலாப் போகிற நாள். கூட்டத்தில் சில நாகரிக இளம்பெண்கள் திடீரென்று சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்தார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு முன்கூட்டியே தகவல் போயிருந்தது. இவை வெறும் சிகரெட் அல்ல, பெண் விடுதலையின் தீபங்கள் என்று செய்தி. அமெரிக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தே ஒன்பது வருஷம்தான் ஆகியிருந்தது, 1920இல்தான் கொடுத்தார்கள். அந்தப் பெண்களுக்கு இருந்த நியாயமான தாகத்தை எடுத்து, அதில் ஒரு பாக்கெட்டைக் கட்டித் தொங்கவிட்டார் மனுஷர். அன்று அந்தப் பெண்களை ஏற்பாடு செய்தது ஒரு சிகரெட் கம்பெனிதான் என்பது செய்தியில் இல்லை.

இதை முதலில் வாசித்தபோது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், மெய்சிலிர்த்துப் போனேன். என்ன மூளை! 1934இல் இன்னொன்று செய்தார். லக்கி ஸ்ட்ரைக் பாக்கெட் பச்சை நிறம். பெண்கள் உடைக்குப் பொருந்தவில்லை என்று ஒரு குறை. பாக்கெட்டின் நிறத்தை மாற்ற ஹில் சம்மதிக்கவில்லை. சரி, பாக்கெட்டை மாற்ற முடியாவிட்டால் நாகரிகத்தையே மாற்றுவோம் என்று பச்சை நிறத்தை மோஸ்தராக்கினார் பெர்னேஸ். பணக்கார வீட்டுப் பெண்களுக்குப் பச்சை உடையிலேயே ஒரு நடன விருந்து, ஜவுளிக்காரர்களுக்குப் பச்சைத் துணி யோசனை என்று ஊரையே பச்சையாக்கினார். இவ்வளவும் செய்தவர் சொந்த மனைவி புகைப்பதை நிறுத்தப் பாடுபட்டார் என்பது வேறு கதை. 1960களில் சிகரெட் விளம்பரத்துக்கு எதிராகவே பேசவும் செய்தார்.

சினிமா நட்சத்திரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1930களின் கடைசியில் லக்கி ஸ்ட்ரைக்குக்காக கிளார்க் கேபிள், கேரி கூப்பர், ஜோன் கிராஃபோர்டு போன்றவர்களுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் தரப்பட்டது. நடிகராயிருந்த ரொனால்ட் ரீகன், கிறிஸ்துமஸுக்கு நண்பர்களுக்கெல்லாம் செஸ்டர்ஃபீல்டு அனுப்புகிறேன் என்று சிரிக்கும் படம் ஒன்று மேசையில் இருக்கிறது. பின்னாளில் ஜனாதிபதியானவர்! கிறிஸ்துமஸ் தாத்தாவையே விடவில்லை.

என் பேரன் பார்த்த அந்த வெள்ளைக் கோட்டு டாக்டருக்கு வருகிறேன். 1946இல் கேமல் ஆரம்பித்தது: மற்ற எந்த சிகரெட்டையும் விட டாக்டர்கள் அதிகம் புகைப்பது கேமலைத்தான் என்று. படத்தில் இருந்தவர்கள் டாக்டர்கள் அல்ல, வேஷம் போட்ட மாடல்கள். கணக்கு எடுத்த விதம் அதைவிட அழகு. மருத்துவ மாநாட்டுக்கு வரும் டாக்டர்களுக்கு இலவசமாகக் கேமலைக் கொடுப்பது, அப்புறம் உங்கள் பையில் என்ன சிகரெட் இருக்கிறது என்று கேட்பது. நம்ம அண்ணாச்சியின் வாழைப்பழக் கணக்கு இதைவிட யோக்கியமானது.

ஆனால் டாக்டரை ஏன் வரைந்தார்கள் என்பதை யோசிக்க வேண்டும். தொண்டை கரகரக்கிறதே, இருமல் வருகிறதே என்ற பயம் ஜனங்களுக்கு உள்ளூர இருந்தது. விளம்பரம் அந்தப் பயத்தை மறுக்கவில்லை. அதற்கு ஒரு கோட்டை மாட்டிவிட்டது. 1950இல் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். இங்கிலாந்தில் எழுதியவர்கள் டால், ஹில் என்ற இருவர். (இந்த ஹில் வேறு, அந்த ஹில் வேறு.) பயம் வெளிப்படையாயிற்று. உடனே ஃபில்டர் வந்தது. 1952இல் கென்ட் சிகரெட், விஞ்ஞான அதிசயம் என்று தன் ஃபில்டரை விளம்பரப்படுத்தியது. அந்த ஃபில்டருக்குள் இருந்தது என்ன தெரியுமா? கல்நார். ஆஸ்பெஸ்டாஸ். 1956 வரை அதை வைத்தே விற்றார்கள். பயந்தவர்களாகப் பார்த்துத் தேடிப்போய் கல்நாரை உறிஞ்சக் கொடுத்தார்கள்! பௌதிகம் படித்த நண்பர்கள் தலையில் அடித்துக்கொள்வது தெரிகிறது.

1954 ஜனவரி 4இல் சிகரெட் கம்பெனிகள் சேர்ந்து நானூறுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் முழுப்பக்க அறிக்கை வெளியிட்டன. படம் கிடையாது, வெறும் எழுத்து. எங்கள் வியாபாரத்தைவிட உங்கள் உடல்நலமே பெரிது என்ற பாவனையில். என் தொழில்முறை அபிப்பிராயம், அதுதான் எல்லாவற்றிலும் கெட்டிக்கார விளம்பரம்.

இப்போது குதிரைவீரன். மார்ல்பரோ 1924இல் வந்தபோது அது பெண்களுக்கான சிகரெட். மே மாதம் போல மிருதுவானது என்பது அதன் வாசகம். நம் ஊரில் மே என்றால் அக்கினி நட்சத்திரம். இங்கே அந்த வாசகத்தை வைத்து ஒரு பாக்கெட் விற்றிருக்க முடியாது. உதட்டுச் சாயம் பட்டால் தெரியாமலிருக்க நுனியில் சிவப்புக் காகிதம் கூடச் சுற்றியிருந்தார்கள். 1950 வாக்கில் ஒரு கைக்குழந்தைப் படம் போட்டார்கள்: என்னைத் திட்டுவதற்கு முன் ஒரு மார்ல்பரோ பற்றவைத்துக்கொள்ளேன் அம்மா என்று குழந்தை சொல்கிறது. அந்தப் பக்கத்தை என் மனைவியிடம் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள்.

ஃபில்டர் சிகரெட் என்றாலே பொம்பளைச் சமாசாரம் என்று அமெரிக்க ஆண்கள் நினைத்த காலம் அது. கம்பெனிக்கோ ஆண்களுக்கு ஃபில்டர் விற்க வேண்டும். 1954–55இல் சிகாகோவில் லியோ பர்னெட் என்ற விளம்பர நிபுணரிடம் வேலை போயிற்று. அவர் பெண்ணை எடுத்துவிட்டு ஆண்களைப் போட்டார். குதிரைவீரன், கையில் பச்சை குத்தியவன், உழைத்துக் காய்ப்பேறிய மனிதர்கள். பெட்டி சிவப்பும் வெள்ளையுமாக மாறியது. நாளடைவில் மற்றவர்களெல்லாம் போய் குதிரைவீரன் மட்டும் நிலைத்தான். வெட்டவெளி, மலை, மாலை வெயில், தலையில் தொப்பி. அவனுக்கு ஆபீஸ் இல்லை, மேலதிகாரி இல்லை, வாயில் பேச்சும் இல்லை. குமாஸ்தாக்கள் பார்த்து ஏங்கினார்கள். சீமாட்டியின் சிகரெட் உலகத்திலேயே அதிகம் விற்கும் ஆண்பிள்ளைச் சிகரெட்டாயிற்று. பெயர் அதே மார்ல்பரோ. அதே பெயரில் அன்று மே மாத மென்மை இருந்தது. இன்று மலைக்காற்று வீசியது. அப்படியானால் இரண்டுமே பாக்கெட்டுக்குள் இல்லை என்றுதானே அர்த்தம்?

அந்தக் குதிரைவீரர்களாக நின்றவர்களில் வேய்ன் மெக்லாரன் 1992இல் நுரையீரல் புற்றுநோயில் போனார், 51 வயது. டேவிட் மெக்லீன் 1995இல், அதே நோய். எரிக் லாசன் 2014இல், நுரையீரல் கெட்டு. படங்களில் அவர்களுக்கு வயதாகவில்லை.

அமெரிக்காவில் 1964 ஜனவரி 11இல் அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை வந்தது. 1971 ஜனவரி 2 முதல் டி.வி.யிலும் ரேடியோவிலும் சிகரெட் விளம்பரம் கூடாது என்றாயிற்று. அதற்கு அடுத்த வருஷம்தான் நாம் கல்லூரியில் சேர்ந்தோம். நமக்கு யார் சொன்னார்கள்? நமக்கு வந்தது பின்னட்டை.

இந்திய விளம்பரத்தில் குதிரை இல்லை, ஜோடி இருந்தது. வில்ஸ் ஃபில்டரின் 'மேட் ஃபார் ஈச் அதர்' உங்களில் பலருக்கு நினைவிருக்கும். புகையிலையும் ஃபில்டரும் ஒன்றுக்கொன்று பொருத்தம் என்பது அதன் நேரான பொருள். படத்தில் இருந்ததோ சிரித்த முகமாய் ஓர் இளம் தம்பதி. நல்ல உத்தியோகம், அழகான மனைவி, தனிக்குடித்தனம் எல்லாம் அந்தச் சிரிப்பிலேயே இருந்தது. கவனித்தீர்களா, நம் ஊர்ப் படங்களில் அந்தப் பெண் புகைக்க மாட்டாள். 1926 செஸ்டர்ஃபீல்டு பெண் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் அவளும் உட்கார்ந்திருப்பாள். 1976இல் 'மூன்று முடிச்சு' வந்து ரஜினி சிகரெட்டைத் தூக்கிப்போட்டுப் பிடித்தபோது நமக்கு ஜோடியும் தேவைப்படவில்லை.

நான் வேலை செய்தது எந்தச் சிகரெட்டுக்கு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். 1981 என்று நினைவு. ஒரு பின்னட்டை விளம்பரம். பெரிய ஓட்டல் வரவேற்பறையில் கோட்டு அணிந்த ஒருவன் நாற்காலியில் சாய்ந்திருக்கிறான். மாடலாக வந்த பையனுக்குச் சிகரெட் பழக்கம் இல்லை. ஸ்டூடியோ விளக்குச் சூட்டில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுக் கண் சிவக்க இருமினான், மேக்கப் கலைந்தது. புகையைப் படம் எடுப்பது எப்போதுமே தொல்லை. பின்னாலிருந்து வெளிச்சம் வேண்டும், பின்னணி கறுப்பாக இருக்க வேண்டும், நாம் நினைத்த பக்கம் அது போகாது. கடைசியில் பற்றவைக்காத சிகரெட்டையே கையில் கொடுத்துப் படம் எடுத்தோம். புகையை நான் ஏர்பிரஷ்ஷில் வரைந்தேன். மூன்று நாள். மேலே போகப் போக மெலிந்து, ஒரு சுருள் சுருண்டு, அவன் புருவத்தைத் தொடாமல் விலகிப் போகிற மாதிரி. நுனியில் நெருப்புக்கு ஒரு பொட்டு ஆரஞ்சு வர்ணம். சாம்பல் வரையவில்லை. எந்த சிகரெட் விளம்பரத்திலும் சாம்பலை அதிகம் பார்க்க மாட்டீர்கள். துண்டுச் சிகரெட்டையும் பார்க்க மாட்டீர்கள்.

உடம்புக்குக் கேடு என்ற எச்சரிக்கை வரியை 1975ஆம் வருஷச் சட்டம் கட்டாயமாக்கியிருந்தது. அதை ஒட்டியதும் நான்தான். எந்தக் குறைந்த அளவில் எழுத்துப் போடலாமோ அந்த அளவில், ஓட்டல் கம்பளத்தின் பழுப்போடு கரைகிற இடத்தில். வாடிக்கையாளர் கம்பெனிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "வார்னிங் நல்லா செட்டில் ஆயிருக்கு" என்று தட்டிக்கொடுத்தார். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன்.

நம் நண்பன் அதற்குள் தாலுகா ஆபீஸில் வேலையாகி, கல்யாணமாகி, ஊரோடு இருந்தான். நான் எழுதிய கடிதத்தைப் பார்த்துவிட்டு அந்த இதழில் ஐந்து பிரதி வாங்கியிருக்கிறான். ஆபீஸில் ஒன்று, டீக்கடையில் ஒன்று. "என் ரூம்மேட் வரைஞ்சது, பாருங்க" என்று எல்லோரிடமும் காட்டியிருக்கிறான். ஒன்றை வீட்டு அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறான். அந்த அலமாரியை இந்தப் பெண் பார்த்து வளர்ந்திருக்கிறாள். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் என்ற கணக்கில் போய்க்கொண்டிருந்தது அவனுக்கு. நான் விட்ட வருஷம் அவனுக்கும் எழுதினேன். "நீ மெட்ராஸ்காரன், உனக்கு வேற பொழுதுபோக்கு இருக்கும்" என்று பதில் போட்டான்.

2004 மே 1 முதல் நம் நாட்டில் சிகரெட் விளம்பரத்துக்கே தடை வந்துவிட்டது. 1996 உலகக் கோப்பை கிரிக்கெட்டுக்கே வில்ஸ் உலகக் கோப்பை என்று பெயர் இருந்ததை இப்போது பேரனிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறான்.

2011இல் நண்பனுக்கு நுரையீரலில் என்று தெரிந்தது. அரசல்புரசலாகக் காதில் விழுந்து ஓடினேன். நான்கு மாதம்தான் இருந்தான். நான் கடைசியாகப் போய்ப் பார்த்தது ஒரு மத்தியான நேரம். ஆக்சிஜன் குழாய் மூக்கில். பேச்சு துண்டு துண்டாக வந்தது. என்னைக் குற்றம் சொல்வான் என்று எதிர்பார்த்தே போயிருந்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் பழைய கதையையெல்லாம் பேசினான். அண்ணாச்சி கடை, சாக்பீஸ், எல்லாம். அப்புறம் திடீரென்று கேட்டான்.

"ஏலே மாப்ளே, நீ வரைஞ்ச படத்துல ஒருத்தன் கோட்டு போட்டிருந்தாம்லா. அது யாரு கோட்டுலே?"

"வாடகைக் கோட்டுடா. கோடம்பாக்கத்துல எடுத்தோம். பின்னாடி ஊசி குத்தி இழுத்துப் பிடிச்சிருந்தோம், அவனுக்கு அது பெரிசு."

"வாடகை எவ்வளவு?"

"ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு ரூபா."

சிரித்தான். சிரிப்பு இருமலாகி, அது அடங்க வெகுநேரம் ஆயிற்று. இந்தப் பெண்தான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அடப்பாவி" என்றான். "அந்தக் கோட்டை எனக்கு ஒரு நாள் வாங்கித் தந்திருந்தா போதுமேலே."

செயலர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். இலை போட்டாயிற்றாம். படங்கள் மேசையில் இருக்கின்றன. நான் வரைந்ததும் இருக்கிறது, இடது ஓரத்தில்.